நேசம் மாமி கையெழுத்து வைத்த பீப்பாய்கள்

கொழும்பில் மட்டுமல்ல, கப்பல் ஓடுகிற ஏழு கடலிலும் நேசம் மாமியின் மூக்குக்கு நிகரான மூக்கு கிடையாது. மாமி குனிந்து முகர்ந்தால் போத்தல் தானாகவே மூடியைக் கழற்றி, செய்த பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும். ஒருமுறை ஊதாச் சோடாவில் பேனை மையைக் கலந்து, "இத்தாலி வைன், மாமி" என்று நீட்டினேன்.

"சோடா. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு மை எதுக்கடா?"

கொட்டாஞ்சேனையில், கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பூசை வைன் அடைத்து விற்கும் கம்பெனியில் மாமிக்கு வேலை. கப்பலில் வரும் பீப்பாய்களை முகர்ந்து, சுவைத்து, 'சுத்தமான திராட்சை' என்று கையெழுத்து வைப்பார். திராட்சை இல்லாத வைனில் வைக்கிற பூசை பூசையே அல்ல. ஆறாம் வகுப்போடு நின்ற பக்கத்து வீட்டுப் பெடியன் எனக்கே அது தெரியும்.

சண்டையால் கப்பல் பிந்திய வருடம், மனேஜர் கருக்கிய சீனி, ஸ்பிரிட், சாயம் கலந்து நான்கு பீப்பாய்களை நிரப்பினார். மாமி கையெழுத்து வைக்க மறுத்தார். அதே கிழமை அவருடைய ஒரே மகன் தாஸ் அண்ணையைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய் வேலை செய்யும் கம்பெனி பொறுப்பெடுத்துக் கடிதம் தந்தால் விடுவதாகப் பொலிஸ் சொன்னது.

மனேஜர் கடிதத்தையும் பீப்பாய்த் தாளையும் ஒரே மேசையில் வைத்தார். "முதல்ல உங்கட கையெழுத்து, நேசம். பிறகு என்ர."

மாமி வைத்தார். அண்ணை அன்றே வீடு வந்தார். ஏழு கிழமை கழித்துப் புறக்கோட்டையில் குண்டு வெடித்தபோது பஸ்ஸுக்கு நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அடக்கப் பூசை முடிந்து ஃபாதர் குனிந்து ஆறுதல் சொன்னார். அவர் மூச்சில் கருகிய சீனி மணந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் வெளியே சொல்லக்கூடாது என்பதால், மாமி எல்லாவற்றையும் ஃபாதரின் மேசைக்கு முன்னால் இருந்தே சொன்னார், எழுதியும் கொடுத்தார். கோயில்கள் அந்தக் கம்பெனி வைனை நிறுத்தின. "கையெழுத்து அவவின்ர" என்று மனேஜர் கைகழுவினார். மாமிக்கு வேலை போனது. மனேஜர் இன்றைக்கும் மனேஜர்தான்.

தாஸ் அண்ணைக்காக ஃபாதர் நல்ல வைனில் இன்னொரு பூசை வைத்தார். மாமி ஆறவில்லை.

"பிள்ளையின்ர பெட்டி கோயிலுக்குள்ள இருக்கக்குள்ள வைச்சது பூசையில்லையே. என்ர பிள்ளையை நானே வெறுமையா அனுப்பிப் போட்டன்."

பத்து நாளாக வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்தார். பொய் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில், அதைச் செய்தேன்.

"மாமி, ஃபாதரில மணத்தது காலைப் பூசை வைன். தாஸ் அண்ணைக்குப் பழைய நல்ல போத்தலைத்தான் உடைச்சவர். நான் கோயில்ல முன் வாங்கில இருந்து கண்டனான். சத்தியமா."

மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு நீ கோயிலுக்குள்ளயே வரேல்லையடா. வெளியில பைப்படியில நிண்டு, முகத்தைக் கழுவிக் கழுவி அழுதனீ. பெட்டிக்குப் பின்னால வரக்குள்ள நான் கண்டனான்."