மீசையில் மோர்

இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் வாரிக்கொண்டே திருடனைத் துரத்துகிற படம் அது. சிரிப்பும் சண்டையும் சரிவிகிதம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். சண்டையைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. சிரிப்புக் காட்சிகளைப் பார்த்தால் சண்டை போடத்தான் தோன்றியது. முதல் நாளே எல்லாரும் கழுவி ஊற்றிவிட்டார்கள். உடுமலைப்பேட்டையில் அதைத் தினமும் பார்த்த ஒரே ஜீவன் நஞ்சுண்டன். தென்னந்தோப்புக்காரர். சினிமா என்றாலே தூங்கிவிடுகிற மனிதர்.

போன வருஷம் அவருடைய தோப்பில்தான் துரத்தல் காட்சியை எடுத்தார்கள். திருடன் ஓட, பின்னால் இரண்டு போலீஸும் ஓட, சமையல்கட்டிலிருந்து பார்த்த அவர் மனைவி நாச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தோப்புக்குள் வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்பினால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கேமரா ஓடுவது தெரியாமல் சொம்போடு குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இந்த வெயில்ல என்னத்துக்குங்க இப்படி ஓடறீங்க? மோர் குடிச்சுப்போட்டுப் போங்க. முன்னால ஓடுன தம்பிக்கும் குடுத்தேனுங்க."

நடிகர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக் குடித்துவிட்டு ஓடினார்கள். டைரக்டர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். மானத்தை வாங்கிவிட்டாள் என்று அன்றெல்லாம் வைதது நஞ்சுண்டன்தான்.

படம் வருவதற்குள் அவள் மாரடைப்பில் போய்விட்டாள். போட்டோ எடுக்கப் போனாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். சுவரில் மாட்ட ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்க வேண்டியிருந்தது. அவள் குரல் எங்குமே இல்லை, அந்த ஓட்டைப் படத்தைத் தவிர.

முதல் நாள் திரையில் அவள் பேசியபோது நஞ்சுண்டன் வாய்விட்டு அழுதார். மொத்தப் படத்தில் ஜனங்கள் சிரித்ததும் அந்த இடத்தில்தான். அப்புறம் தினமும் மதியக் காட்சி. பேச்சுத்துணை இல்லாத வீட்டில் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். போனில் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், அவரிடம் இருப்பது பட்டன் போன்.

அன்றும் போனார். வாசலில் டிக்கெட் கிழிக்கும் மோகன்குமார் சொன்னார்: "இன்னிக்கோட படத்தை எடுத்தர்றாங்க, ஐயா. இழுவைன்னு எல்லாரும் திட்டுனதுல கொஞ்சம் வெட்டியும் போட்டாங்களாமுங்க."

"எதைங்க வெட்டுனாங்க?"

"கதைக்கு வேண்டாததைத்தானுங்க வெட்டுவாங்க."

"டிவியில போடுவாங்களா?"

"யாருமே வாங்கலீங்களாமா."

தோப்புக் காட்சி வந்தது. திருடன் ஓடினான். போலீஸ்காரர்கள் தென்னைகளுக்கு நடுவே நுழைந்தார்கள். நஞ்சுண்டன் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் மூடித் திறப்பதற்குள் இருவரும் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் வரவே இல்லை. ஒரு போலீஸ்காரர் மட்டும் புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"மீசையில என்னடா வெள்ளையா?" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நஞ்சுண்டன் எழுந்து நின்றுவிட்டார். "மோருங்க," என்றார். "எங்கூட்டுக்காரி குடுத்த மோருங்க."

"உக்காருங்க பெரியவரே, மறைக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் உட்கார்ந்தார்.