மூடுபனிக்குள் வாசித்த அறிவிப்புகள்

பாய்மரப் படகு கிளப்பில் அவளுக்குப் பெயர் மைக் அக்கா. உறுப்பினர்களுக்கான அறிவிப்புகளை எழுதுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை ஒலிபெருக்கியில் வாசிப்பதும் அவள் வேலை. எந்தக் குழாய் பழுது, எந்தப் பக்கம் ஆழம் குறைவு, யார் வண்டி யார் படகை மறித்து நிற்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் வரும். நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டாலே பயம். படகுகளைக் கட்டும் மிதவைப் பாலத்தில் அவள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. எந்த அறிவிப்பானாலும் கடைசியில் "லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏற வேண்டாம்" என்று சேர்த்துவிடுவாள். தேநீர் விருந்துக்கான அழைப்பிலும் சேர்த்தபோது கிளப்பே சிரித்தது.

அவளுடைய ஒரே தங்கை அதே கிளப்பில் சேர்ந்து படகோட்டக் கற்றுக்கொண்டாள்.

"உனக்கு வேற இடமே கிடைக்கலையாடி?"

"நீ இருக்கிற இடம்னா உனக்குத் தைரியமா இருக்கும்னு நெனச்சேன்க்கா."

"எனக்கா? ஞாயித்துக்கிழமை வந்தா சாப்பாடே இறங்க மாட்டேங்குது."

அந்த ஞாயிறு மதியம் போட்டி தொடங்கும்போது வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. படகுகள் எல்லாம் கழிமுகத்தின் நடுவுக்குப் போன பிறகு, அது கடலில் சேரும் பக்கத்திலிருந்து மூடுபனி உருண்டு வந்தது. சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த கொடிக்கம்பமே தெரியவில்லை. கிளப் செயலாளர் ஓடிவந்து அபாயச் சங்கின் பொத்தானை அமுக்கினார். அது ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

"மைக்க எடும்மா. பேசிக்கிட்டே இரு. சத்தம் நின்னா கரை எந்தப் பக்கம்னு அவங்களுக்குத் தெரியாது."

"என்ன சார் பேசறது?"

"எதையாவது!"

மைக்கைப் பிடித்தாள். எதிரே அறிவிப்புப் பலகை இருந்தது. அதைப் படித்தாள். "உறுப்பினர்கள் கவனத்துக்கு. இறங்குதளத்தில் பாசி படிந்திருக்கிறது, வழுக்கும். கிடங்கில் கிடக்கும் பழைய பாய்களை உரியவர்கள் எடுத்துச் செல்லவும். பெண்கள் கழிப்பறையில் இடப்பக்கக் குழாயைத் திறக்க வேண்டாம்." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

பனிக்குள் ஒரு படகு கரை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒவ்வொருவராக உள்ளே வரும்போதும் வாசலை எட்டிப் பார்த்தாள். தங்கை இல்லை. கடைசியாகப் படகோட்டி வந்த பல் மருத்துவர் ஒருவர் நனைந்த தொப்பியைக் கழற்றாமலே அலுவலகத்துக்குள் வந்தார்.

"உங்க தங்கச்சி எனக்கு முன்னாடி போயிட்டிருந்தாங்க. திடீர்னு எதிர்க்கரைப் பக்கம் திரும்பிட்டாங்க."

செயலாளரின் முகம் வெளுத்தது. எதிர்க்கரையில் பழைய ஆலையின் நெடுஞ்சுவர். அதன் காலடி முழுக்கப் பாறை. ஒலிபெருக்கியின் சத்தம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கிறது. எதிரொலியைக் கரை என்று நம்பி அவள் போய்விட்டாள்.

"மோட்டார் படகை எடுத்தா அந்த இரைச்சல்ல அவ குரல் நமக்குக் கேக்காது. இடிச்சாலும் இடிச்சிடுவோம்," என்றார் செயலாளர். "கை ஸ்பீக்கரோட பாலத்து முனைக்குப் போய்ப் பேசினா சத்தம் கம்மி, எதிரொலி வராது. நான் போறேன்."

"நீங்க வேணாம் சார். என் குரல்னா அவளுக்குப் பொறந்ததுலேருந்து தெரியும்."

சொல்லிவிட்டுக் கை ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு ஓடினாள். மிதவைப் பாலம் காலடியில் அமிழ்ந்தது. நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். பின்னால் செயலாளர் "லைஃப் ஜாக்கெட்!" என்று கத்தியது அவள் காதில் விழவில்லை. முனையை அடைந்து திரும்பிப் பார்த்தால் கரை இல்லை. மேலும் கீழும் ஒரே வெள்ளை. பலகைக்கு அடியில் தண்ணீர் சளக் சளக் என்றது. அம்மாவிடம் என்ன சொல்வது?

அப்போது தூரத்தில் கல்லில் மரம் உரசும் சத்தம் கேட்டது.

"குட்டிமா! பாறைடி! அங்க போகாத! இங்க வா! இங்க வா!"

இன்னும் உரக்க அலறினாள். பனிக்குள்ளிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, கத்தாதே... கத்தினா எங்கேருந்து வருதுன்னே தெரியல. எப்பவும் போலப் பேசு."

பல் தந்தியடித்தது. உதட்டைக் கடித்து அதை அடக்கினாள். "உறுப்பினர்கள் கவனத்துக்கு," என்றாள். "இறங்குதளத்தில் பாசி படிந்திருக்கிறது." கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, குரலில் வழியவிடவில்லை. "இடப்பக்கக் குழாயைத் திறக்க வேண்டாம்." ஒவ்வொரு வரிக்கும் பிறகு நிறுத்திக் காது கொடுத்தாள். துடுப்புச் சத்தம் கேட்டது, மறைந்தது, மறுபடி கேட்டது. எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் படகின் மூக்கு பாலத்தில் மோதியது. அடிப்பலகை பிளந்து முழங்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. தங்கையின் உதடுகள் நீலமாக இருந்தன.

அக்கா அவள் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துப் பாலத்தில் இழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகும் பிடியை விடவில்லை. செயலாளர் வந்துதான் விரல்களைப் பிரித்தார். மறுநாள் காலையில் அவர் அறைக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாக மேசையைத் தட்டினாள். அந்த வாரமே புதுச் சங்கு வந்தது.

போட்டி நடந்த அன்றிரவு வீட்டில், தட்டில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருக்க, தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த ஞாயிறு நான் போகலக்கா."

"அதுக்கடுத்த ஞாயிறு?"

தங்கை தட்டை அக்கா பக்கம் நகர்த்தினாள். "லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏற மாட்டேன்க்கா. நீ சாப்பிடு."