சிவப்புப் பலகை

ஆந்திராவில் வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளன். ஆறு மாத வகுப்பில் கற்ற ஜப்பானிய மொழியை வைத்து எட்டு வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது. புதுக் கட்டடத்தின் வரவேற்பு அறைக்குப் படம் செய்ய ஜப்பானிலிருந்து ஓர் ஓவியரை அழைத்திருந்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் திருப்பதியில் ஒரு மாதம் தங்கி வேலை செய்ய, கூட இருந்து கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவர் செய்த வேலை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர்கள் நாட்டில் அந்தக் காலத்தில் மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, மேலே காகிதத்தை வைத்துத் தேய்த்துப் படம் எடுப்பார்களாம். இவர் அதே முறையில் இந்தக் காலத்து விஷயங்களைச் செய்கிறவர். கறுப்புக் கோடுகளுக்கு ஒரு பலகை, அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. ஒரு படத்துக்கு ஆறு பலகை! அதுவும் என்ன படம்? கோபுரம் இல்லை, மலை இல்லை. பஸ் ஸ்டாண்டில் சிவப்பு பஸ்ஸுக்காக நிற்கும் மொட்டைத் தலைகள். அப்பா, அம்மா, கைக்குழந்தை எல்லாம் சந்தனம் பூசிய மொட்டை. யானை ஒன்றாவது போடச் சொல்லுங்கள் என்று எங்கள் மேனேஜர் என்னிடம் மூன்று முறை கெஞ்சினார். அவருக்குத் தெரிந்த கலை அவ்வளவுதான்.

பலகை மயிரிழை வளைந்தாலும் நிறம் கோட்டை விட்டு வெளியே போய்விடும், படமே போச்சு என்று அந்தம்மா ஒருநாள் சொன்னார். நான் செல்போனைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

செதுக்கி முடித்ததும் பலகைகளோடு கம்பெனிக்குக் கிளம்பினோம். மறுநாள் அங்கே எல்லார் முன்னிலையிலும் படத்தை அச்சிட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. காரை நான்தான் ஓட்டினேன். வழியில் ஒரு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். டிக்கியைத் திறந்து துணி மூட்டையைப் பிரித்த காக்கிச் சட்டைக்காரருக்கு வாயெல்லாம் பல். அவர் கையில் இருந்தது பஸ்ஸுக்கான பலகை. சோதனை அச்சு எடுத்து எடுத்து அது சிவப்பு மையில் ஊறிப்போயிருந்தது.

"ஏந்திரா இதி? எர்ர சந்தனமா?"

செம்மரம் இல்லை, வெறும் சாயம் என்று தெலுங்கில் சொன்னேன். என் தெலுங்கில் தமிழ் வாடை அடித்திருக்க வேண்டும். அவர் உடனே தமிழுக்குத் தாவினார்.

"தமிழாளா நீ? ஜப்பான்காரம்மா வேற கூட. மாலு எங்க போவுதுன்னு கேக்கவே வாணாம்."

மரத்துக்கும் மைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைச் செம்மரம் பிடிக்க நிறுத்தியிருந்தார்கள். ஆனால் என் சட்டைக் காலர் அந்த ஆள் கையில் இருந்தது. தமிழ் பேசுகிறவனும் சிவப்பு மரமும் ஒரே வண்டியில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஜாமீனுக்கு அலையவே வீட்டை விற்க வேண்டும்.

"செம்மரம் தண்ணில முழுவிடும் சார். இது மெதக்கும். போட்டுப் பாருங்க சார்" என்றேன்.

பக்கத்தில் தண்ணீர் டிரம் இருந்தது. அதை நோக்கி அவர் நடந்ததுமே அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கைகளைக் குறுக்கே நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஊறினால் பலகை வளைந்துவிடும், கம்பெனிக்கு ஃபோன் செய்யலாம், எத்தனை மணி நேரமானாலும் காத்திருக்கிறேன், தண்ணீரில் மட்டும் போட வேண்டாம் என்றார்.

"இன்னா சொல்லுது அது?"

"போட்டுப் பாக்கச் சொல்றாங்க சார்."

எட்டு வருடத்தில் நான் அவ்வளவு சரளமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை.

பலகை மிதந்தது. சாயம் போகிறதா பார்க்கலாம் என்று ஒரு கல்லை வைத்து அதை அமுக்கினார்கள். அரை மணி நேரம் ஊறித் தண்ணீர் சிவந்த பிறகு, எடுத்து ஜீப்பின் பானெட்டில், உச்சி வெயிலில் காயப் போட்டார்கள். அந்தம்மா பக்கத்திலேயே நின்றார். "கட்டைக்கு இவ்ளோ சீன் போடுறதா? போ, போ" என்று கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள்.

கார் புத்தூரைத் தாண்டியது. மடியில் இருந்த பலகையின் ஒரு முனையை அந்தம்மா விரலால் அழுத்தினார். மறு முனை எழும்பியது. இனி இதில் அச்சடிக்க முடியாது என்றார். பிறகு, அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

"நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, இருந்த இடத்திலேயே தலை தாழ்த்தினார். தன் பலகையால் எனக்கு இவ்வளவு அவமானம் நேர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார்.

பரவாயில்லை என்று சொன்னேன்.