ஒரு முழம் உயர்த்திய வாசல்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான், அதனால் கொஞ்சம் திமிரும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாத்தியார் இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன், நம்புவது உங்கள் பாடு.

மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணமான நாலாம் மாதம் எனக்குக் கொல்லிமலையில், எடப்புளி நாடு என்கிற ஊர்ப்பக்கம் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. வெள்ளைக்கார சர்க்காருக்கு மலைக்கு ரோடு போட இன்னும் மனசு வரவில்லை. அடிவாரத்துப் புளியஞ்சோலையில் விடியுமுன் கால் வைத்து, சட்டிபானையைச் சுமந்துகொண்டு, பொழுது சாயும்போது நானும் என் மனைவி பொன்னாயியும் மேலே போய்ச் சேர்ந்தோம். அவள் என் அக்கா மகள்தான், மாமா என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்கு அது வேறு தேசம் மாதிரி இருந்தது. அரிசி கிடையாது, சாமைச் சோறுதான். குளிரில் பல் கிட்டியது. ஆனாலும் பக்கத்து வீட்டுச் செல்லியிடம் சாமை குத்தப் பழகிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் எனக்குச் சுடச்சுடப் போட்டுவிட்டுப் பொன்னாயி சிரிப்பாளே, அந்த ஒரு மாதம்தான் நாங்கள் நன்றாக இருந்தது.

எங்களுக்குக் கொடுத்த வீட்டின் வாசல் என் மார்பு உயரம்தான். அந்த ஊரில் எல்லா வீடும் அப்படித்தான். தினம் நெற்றியில் இடி. செல்லியின் புருஷன் சடையன், "வாத்தியாரே, தலையில சும்மாடு கட்டிக்கிட்டுத்தான் இனிப் பாடம் நடத்தோணும்" என்று சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா பண்ணைக்காரர் வீட்டு வாசலில் குனிந்து குனிந்தே முதுகு கூனிப்போனவர். நான் படித்ததே குனியாமல் இருக்கத்தான். வாசலை உயர்த்தப்போகிறேன் என்றேன்.

சடையனின் சிரிப்பு நின்றுவிட்டது. "வேண்டாமுங்க. வர்றது எதுவா இருந்தாலும் தலை குனிஞ்சு வரட்டும்னுதான் இப்படி வெச்சிருக்கறோம். நிமுந்து வர்றது வந்துட்டா தாங்க மாட்டீங்க."

"எது வரும்?"

"பேரு சொல்ற பழக்கமில்லீங்க."

எனக்கு அது போதுமானதாக இல்லை. லீவு நாளில் மேல்கட்டையைப் பெயர்த்து, சுவரை இடித்து, ஒரு முழம் உயர்த்தினேன். பொன்னாயிதான் சேறு குழைத்துக் கொடுத்தாள். "இனி ஆனையே வரலாம் மாமா" என்றாள்.

ஒன்பதாம் நாள் உச்சிவெயில். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் அலறல் கேட்டு ஓடினேன். பானையெல்லாம் சுக்கல். அவள் மூலையில் கிடந்தாள், வாயில் ரத்தம், கழுத்தில் இரண்டு பக்கமும் நீலமாக விரல் தடம். யாரும் வரவில்லை மாமா, யாரும் இல்லாமலே அடிச்சாங்க என்றாள். காக்காய் வலிப்பு என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் அதே நேரம் நான் வீட்டிலேயே இருந்தேன். என் கண் முன்னால், நல்ல வெளிச்சத்தில், அவள் கூந்தல் மேலே எழும்பியது, யாரோ பிடித்துச் சுருட்டின மாதிரி. தரதரவென்று இழுத்து ஆட்டுக்கல்லில் மோதியது. மண்டை மோதுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குறுக்கே விழுந்தேன். விலாவில் ஒரு உதை, வாயில் ஒரு குத்து, இரண்டு பல் என் கையில் இருந்தது. எதிரே ஒன்றுமே இல்லை, அடி மட்டும் இருந்தது.

கீழே இறங்கிவிடுகிறோம், வேலை போனால் போகட்டும் என்று சடையனிடம் அழுதேன்.

"போனா கூடவே வருமுங்க. அது ஊட்டுக்கு வரல, பொன்னாயி அம்மாவுக்கு வந்துருக்குது. இன்னொரு உச்சிக்கு அம்மா தாங்காது. அடிச்சு வெளிய தள்ளிட்டுத்தான் வாசலக் குறைக்கோணும்" என்றான். புளிய மிளாறுகளை வெட்டி வந்தான். "வாசலத் தொறந்துவிட்ட கைதான் மொதல்ல அடிக்கோணும். அது என்ன சொன்னாலும் கை நிக்கக்கூடாது, சாமி. நின்னா அம்மா போச்சு."

அடுத்த நாள் உச்சிக்கு முன்பே செல்லி பொன்னாயியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிரே பலாமரத்தடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாள். சடையனும் அவன் தம்பியும் நானும் உள்ளே, பின்சுவரிலிருந்து வாசலைப் பார்த்து மிளாறை வீசிக்கொண்டே வந்தோம். முதலில் காற்றில்தான் வீசினோம். பிறகு என் மிளாறு சதையில் பட்டது. ஐயா, படிக்காதவன் சொன்னால் விட்டுவிடலாம், நான் சொல்கிறேன், சதையில் பட்டது. மூன்று பேரும் அந்த இடத்தில் போட்டு அடித்தோம். ஈரமாக என் முகத்தில் தெறித்தது. துடைத்துப் பார்த்தேன், ரத்தம்.

அப்போதுதான் அது பேசியது.

"மாமா, அடிக்காதீங்க. நாந்தான் மாமா. வெளியில உக்காந்திருக்கறது நானில்ல."

அவள் குரல். அந்தக் கெஞ்சல், மூச்சு வாங்குவது, எல்லாம் அவள்தான். நான் வாசல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாள் உட்கார முடியாமல் கிடந்த பொன்னாயி மரத்தடியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், செல்லி பிடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"கை நிக்குது!" என்று சடையன் கத்தினான்.

அடித்தேன். மாமா மாமா என்று அது கெஞ்சக் கெஞ்ச அடித்தேன், என் மிளாறு முறிந்து, தம்பியின் மிளாறைப் பிடுங்கி அடித்தேன். வாசல்வரை தள்ளிக்கொண்டு போனோம். குரல் தேய்ந்து, முனகலாகி, நின்றது.

அன்றைக்கே கட்டையை இறக்கிப் பழைய உயரத்தில் வைத்துவிட்டோம். சேறு பூசும்போது சடையன், "காட்டுப் பன்னியாட்டம் என்னா உறுமல்ங்க! பேசும்னு எங்கய்யன் சொன்னாரு, இது பேசலீங்க" என்றான். தம்பியும் ஆமாம் என்றான். நானும் ஆமாம் என்றேன். எனக்குக் கேட்டதை அவர்களிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இந்தத் தாளில்தான் முதலில் எழுதுகிறேன்.

பொன்னாயி தானாக எழுந்து, குனிந்து உள்ளே வந்தாள். விளக்கேற்றினாள். சோறாக்கினாள். சாப்பிட்டதும் கழுத்துக்குத் தடவ நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டு போனேன். முடியை ஒதுக்கிக் காட்டினாள். கழுத்தில் ஒரு தடமும் இல்லை. மண்டையில் வீக்கமும் இல்லை. சந்தோஷப்படத்தானே வேண்டும், நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அவ ரொம்ப நேரம் கெஞ்சினாளா மாமா?"