கொள்ளில் கலந்த ரோடு

“களத்தையும் புடுங்கிக்கிட்டு, ரோட்டுலயும் போடக் கூடாதுன்னா, நான் கொள்ளை எங்கதான் காயப்போட?” என்று ரோட்டோரம் நின்ற எங்களைப் பார்த்துக் கேட்டாள் இஞ்ஞாசியம்மாள்.

செம்பட்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். புதுத் தார் ரோடு ஊருக்குள் நுழைந்து கண்மாய்க்கரையில் முடிந்தது. அங்கே பஞ்சாயத்துத் தலைவருடைய வீட்டுமனைகள் கல் நட்டுக் கிடந்தன. ஊருக்குப் பஸ் கிடையாது, மனைக்கு ரோடு உண்டு. கான்ட்ராக்டர் ஊர்க் களத்தில்தான் ஜல்லியைக் கொட்டினான், தார் காய்ச்சினான். வேலை முடிந்ததும் கூட்டிக்கூடக் கொடுக்காமல் போய்விட்டான்.

இஞ்ஞாசியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. யோக்கியதை இல்லாதவனுக்கு மரியாதை கொடுத்துப் பழகாதவள். ‘பிரசங்கம் ரொம்ப நீளம் ஃபாதர்’ என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவள். அந்த வருஷம் அவளுக்கு விளைந்தது ஒரு ஏக்கர் கொள்ளு மட்டும்தான். வானமோ காலம் தப்பி இருண்டு நின்றது. நெற்று நனைந்தால் கொள்ளு கறுத்துவிடும், எவனும் வாங்க மாட்டான். அதனால் செடியைப் புது ரோட்டில் பரப்பினாள். வண்டி ஏறினால் நெற்று உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம்.

அன்றைக்குத்தான் ரோட்டுக்குத் திறப்பு விழா. தலைவரின் மச்சான் முகேஷ்குமார் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான்.

“யக்கா, அள்ளுங்க. அண்ணன் கார் வருது.”

“வரட்டும். ஏறிப் போகச் சொல்லு.”

“வெளாடாதீங்க. விழா நேரத்துல குப்பையாக் கெடக்கு.”

“குப்பையா? ஏலே, ஊருக்கு இதுவரைக்கும் ஒரு வேலையும் செய்யாத ஆளு ஒங்கண்ணன். என் கொள்ளையாச்சும் மிதிச்சுட்டுப் போகட்டும்.”

கூட்டம் சிரித்தது. அவன் ஆட்களுக்குக் கண் காட்டினான். அவள் செடிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது. எழுந்து ஒதுங்கி நின்று, கண்டக்டர் மாதிரி, “ரைட், ரைட், போலாம்!” என்று கையை ஆட்டினாள். கார்கள் ஏறிப் போயின. தலைவர் ஜன்னல் வழியே கும்பிட்டார். அவள் விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டினாள். கண்மாய்க்கரையில் ரிப்பன் வெட்டியவர்களுக்குத் திரும்பி வர வேறு வழியில்லை. மறுபடியும் அதன்மேல்தான் வந்தார்கள். நெற்று ஒன்று பாக்கியில்லாமல் உடைந்தது.

மழைக்கு முன்னே எல்லாவற்றையும் கூட்டி அள்ளி வீடு சேர்த்தாள். சுளகில் போட்டுக் கொழித்தபோதுதான் சிரிப்பு நின்றது. கொள்ளோடு கருப்புக் கருப்பாகப் பொடி ஜல்லி. கார்கள் கொள்ளை மட்டும் உடைக்கவில்லை, ரோட்டையும் பெயர்த்திருக்கின்றன. கொள்ளு அளவுக்கே கல். சல்லடையில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. தார் ஒட்டிய கொள்ளை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. அவளும் மகள் ஷைனியும் முதுகு ஒடியப் பொறுக்கினார்கள். பாதிதான் தேறியது.

பிறகொரு நாள் முகேஷ்குமார் பைக்கில் அந்தப் பக்கம் வந்தான். வாசலில் இருந்த சாக்கைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, வெளைச்சல் அமோகமா?” என்றான்.

“அது ஒங்க ரோடு அப்பு. ஒண்ணு விடாமப் பொறுக்கி வச்சிருக்கேன். அடுத்த ஊருக்குப் போட ஆகும், ஒங்கண்ணன்கிட்ட குடு.”

சாக்கைத் தூக்கி அவன் பெட்ரோல் டேங்கின் மேலேயே வைத்தாள். அவன் அதைச் சுமந்துகொண்டு போனான்.

உங்கள் ஊரிலும் ரிப்பன் வெட்டுவார்கள். அதற்கு முன்னால் இந்தக் கதையை அங்கே நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள்.