நீல நாற்காலியின் விருந்தாளி

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன நீலப் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கையில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெற்றோர் பயிற்சி வகுப்பு நடத்தப் போனபோது நாங்கள் கொண்டுபோனது. நடத்தியவர் யாழ்ப்பாணத்து டீச்சர். நான் மொழிபெயர்ப்பாளன்; ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தேவைப்பட்டால் டீச்சரின் தமிழிலிருந்து எங்கள் மலையகத் தமிழுக்கும். "அடம்பிடிக்கும் பிள்ளையை அதன் அறைக்கு அனுப்புங்கள்" என்று வகுப்புக்கான ஆங்கிலப் பாடநூல் சொன்னது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறையில் ஏழு பேரோடு வளர்ந்த நான் அதை முகம் மாறாமல் தமிழாக்கியிருந்தேன். அறை இல்லையென்றால் தனி நாற்காலி. அதில் உட்காரவைத்த பிள்ளையோடு யாரும் பேசக்கூடாது.

லயத்தில் நாற்காலி என்பது விருந்தாளிக்குத் துடைத்துப் போடுவது. அதனால், தாயோடு வகுப்புக்கு வந்து முதலில் தண்டனை பெற்ற பையன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அமர்ந்தான். அடுத்தவள் அந்த இடத்துக்காகவே பக்கத்துப் பிள்ளையைக் கடித்தாள். தாய்மார் சிரித்துச் சாய்ந்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான்: மனைவியை வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு, மகளைத் தனியாக வளர்த்த தகப்பன்.

"பேசாம இருக்கிறதுதான் தண்டனைன்னா டீச்சர், எம்புள்ள எனக்கு அதைத்தாங்க குடுக்குது. அவங்கம்மா போனதிலேருந்து ஒரு வார்த்த இல்ல."

டீச்சர் பாடநூலை மூடி, நீல நாற்காலியைக் காட்டினார். "கதிரையை நீங்கள் கொண்டுபோங்கோ. வேலையால வந்தவுடன பிள்ளையை விருந்தாளி மாதிரி அதில இருத்துங்கோ. நீங்கள் கீழ இருங்கோ."

சில வாரம் கழித்து ஒரு மாலை போய்ப் பார்த்தோம். அவர் தோள்துண்டால் நாற்காலியைத் துடைத்தார். "வாங்க, உக்காருங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் மகளிடம். தினமும் இப்படித்தானாம், தினமும் பதில் இல்லையாம். அன்று அவள் ஒரு மிடறு குடித்தாள்.

"சீனி பத்தல."

சீனிப் போத்தல் எடுக்க அடுப்படிக்குப் போன மனிதர் வெகுநேரம் திரும்பவில்லை. "இதை மட்டும் மொழிபெயர்த்து அறிக்கையில போடாதேங்கோ, தம்பி" என்றார் டீச்சர் மெதுவாக. தாய் ஊர் திரும்பிய பிறகு நாற்காலி எங்களிடம் திரும்பி வந்தது. "இப்ப ரெண்டு பேரையும் பேச்ச நிறுத்த வைக்கத்தாங்க வகுப்பு வேணும்" என்றார் தகப்பன்.

இன்று என் மகனுக்குச் சொந்த அறை இருக்கிறது. பாடநூல் கடைசியில் எங்களுக்கும் பொருந்திவிட்டது. யாரும் அனுப்பாமலே அவன் போய்ப் பூட்டிக்கொள்கிறான். டீச்சர் காலமான செய்தி வந்த நேற்று மாலை, நாற்காலியைத் துடைத்து அவன் வாசலில் போட்டுவிட்டு, முழங்கால் முனக, தேத்தண்ணிக் கோப்பையோடு நான் தரையில் உட்கார்ந்தேன். "வாங்க, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

தேத்தண்ணி ஆறிய பிறகு கதவு திறந்தது. அவனுக்கு நாற்காலி போதவில்லை. பக்கத்தில் தரையில் அமர்ந்து ஒரு மிடறு குடித்தான்.

"என்னப்பா இது, சீனியே இல்ல?"

வேண்டுமென்றேதான் போடவில்லை.