எண்ணூறு அங்குலம்

கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பைக் கழற்றாமலே மொட்டை மாடியில் குந்தியிருந்து கம்பியை அளந்தார் தையல்காரர். அறுபது அங்குலத்துக்கு ஒரு சாக்குக்கட்டிக் கோடு. கணக்குப்படி எண்ணூறு அங்குலம் போதும். அவரோ இன்னும் இருபது சேர்த்துத்தான் குறடு வைத்தார். துணிக் கத்தரியை இதற்கெல்லாம் தொடமாட்டார். "மிச்சம் இருந்தா மடிச்சுக்கலாம். பத்தலைன்னா யார்கிட்டப் போய் நிக்கிறது?" ரவிக்கையானாலும் ஏரியலானாலும் அவருக்கு அதே பேச்சு.

தங்கை கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் நர்ஸ். ஆறு நாளுக்கு முன் அடித்த சூறைக்காற்றில் அங்கே போன் செத்துப்போனது. இங்கே, நடுவில் கம்பம் நட்டுக் கட்டியிருந்த பழைய ஏரியலும் முறிந்து விழுந்தது. இருவரும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவர்கள். என்ன நடந்தாலும் நாலு மணிக்கு ரேடியோவில் கூப்பிடுவது என்று பேச்சு. ஆறு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை கம்பத்தை நம்பவில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஜன்னல்வரை ஒரே கம்பி, ஒரு முனையில் மட்டும் இணைப்பு. அந்த முனையில் வோல்டேஜ் எகிறும், கரண்ட் இத்தனூண்டு. ரேடியோவுக்கு அது ஒத்துவராது. அதனால் இரண்டையும் ஒத்துப்போகவைக்க நடுவில் ஒரு ஃபெரைட் வளையம்: ரேடியோ பக்கம் இரண்டு சுற்று, கம்பிப் பக்கம் பதினாலு. பாபினில் நூல் சுற்றுவதுபோல் அவரே நெருக்கிச் சுற்றியது.

"எனக்கும் உங்க தங்கச்சிக்கும் நடுவுல நீங்க நிக்கிறீங்களே, அதே உத்தியோகமா?" என்றாள் மனைவி.

"ஆமா. இதுவும் சூடாகும், வெளிய காட்டிக்காது."

கம்பியை இழுத்துக் கட்டி, ரேடியோவைப் போட்டு மீட்டரைப் பார்த்தார். அனுப்பியதில் பாதி திரும்பி வந்தது; கம்பி நீளம் கூடுதல். வெட்டவில்லை. தொட்டி அருகே போய் நுனியை மடித்துக் கம்பியோடு ஒட்டிப் படுக்கவைத்து, வெள்ளை நூலால் கட்டினார். மூன்று முறை ஏறி இறங்கி மடிப்பைக் கூட்டியதும் முள் அடங்கியது. "போட்டுப் பாத்தவங்க சரின்னு சொல்றவரைக்கும் பிரிக்கிற மாதிரி ஓட்டுத்தையல்தான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ரேடியோ முன் உட்கார்ந்தார்.

நாலு மணி. கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அண்ணா, இருக்கியா? ஆஸ்பத்திரிக் கூரைதான் போச்சு. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ பேசுறது தெளிவாக் கேக்குது. சரியா இருக்குண்ணா."

பேசி முடித்து ரேடியோவை அணைத்தார். ஊசியில் கறுப்பு நூலைக் கோத்துக்கொண்டு மாடி ஏறினார். வெள்ளை நூலைப் பிரித்தார். மடிப்பைச் சுற்றிச்சுற்றி இறுக்கித் தைத்து, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.